பிரீசரில் ஒரு வெள்ளைக் கரப்பான்

ஓவியாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம். கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுதுவோம் என்று மாதக்கணக்கில் பார்த்தேன். ஆறுகிற பாட்டைக் காணோம். அதனால் கொதிப்போடேயே எழுதுகிறேன், வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹவுன்ஸ்லோவில் குலசேகரம் அண்ணையின் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பின்னறையில் இருப்பது நான், இம்மாகுலேற். ஹீத்ரோவில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குகிற வேலை. முன்னறைக்குத்தான் ஓவியா வந்தாள். அருப்புக்கோட்டைப் பிள்ளை, லண்டனில் ஒரு கல்லூரியில் பூச்சி ஆராய்ச்சி. கீழே குலசேகரம் அண்ணை, அவர் மனைவி கனகாம்பிகை அக்கா, மகள் தர்மிகா. குசினி எல்லோருக்கும் பொது. பிரிட்ஜும் பிரீசரும் அக்காவின் ஆட்சி.

ஓவியா வந்த புதிதில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. சத்தமாகச் சிரிப்பாள். குளியலறையில் பாட்டுப் படிப்பாள். தயிர்ச்சோற்றுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவாள். ஆனால் ஒரு தரம் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் கிடந்தபோது கதவுக்கு வெளியே ரசத்தை வைத்துவிட்டுத் தட்டிப்போட்டு ஓடினாள். அதற்குப் பிறகு சிரிப்பும் பாட்டும் எனக்குக் காதில் ஏறவில்லை.

அவளுடைய அப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். ரவையைச் சலிக்கும்போது சல்லடையில் குறுகுறுவென்று ஓடுமே ஒரு சின்னச் செவ்வண்டு, அதைச் சின்ன வயதிலேயே தீப்பெட்டியில் போட்டு வளர்த்தவளாம். இங்கேயும் அதே வண்டுதான் ஆராய்ச்சி. "இதுக்கோ லண்டனுக்கு வந்தனி? எங்கட கடையளில மாவோட இனாமாத் தருவாங்களே" என்று நக்கலடித்தேன். "சிரிங்கக்கா, சிரிங்க. அது சட்டை தைக்கிற அழகைப் பாத்தா வாயை மூடிருவீங்க" என்றாள்.

அந்தச் சட்டைக் கதையை அவள் சொன்னது ஒரு சனிக்கிழமை மத்தியானம், குசினியில். நான் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. வண்டுக்கும் நண்டுக்கும் எலும்பு வெளியில்தான் இருக்கிறது, அந்த ஓட்டின் நூல் இரண்டுக்கும் ஒன்றே, கைற்றின் என்று பெயர் என்று ஓவியா தொடங்கினாள். ஓடு வளராது, உடம்பு வளரும். அதனால் பழைய ஓட்டுக்குள் இருந்துகொண்டே பூச்சி புதியதைக் கட்ட வேண்டும். ஒரு நொதி சர்க்கரையைக் கோத்துக் கோத்து அந்த நூலை இழைக்கும். வேறு சில நொதிகள் பழைய ஓட்டின் உட்புறத்தைக் கரைக்கும், கரைந்ததைப் பூச்சி வீணாக்காமல் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மேல்தோல் வெடித்து வெளியே வரும். வரும்போது பால் மாதிரி வெள்ளை, தொட்டால் நசுங்கிவிடும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நொதியம் என்று படித்தது எனக்குக் கொஞ்சம் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில், பாஷையூரில் பிறந்தவள் நான், ஓடு கழற்றின நண்டு விரலுக்குள் அமுங்குவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். "பிறகு என்னெண்டு இறுகிறது?" என்று கேட்டேன்.

"நண்டு சுண்ணாம்பு சேர்த்துக்கும். வண்டுக்குக் கடைசியா ஒரு நொதி இருக்கு, அதான் என் ஆளு" என்று கையைத் தட்டினாள். அந்த நொதி காற்றிலிருக்கிற பிராணவாயுவைப் பிடித்துப் புது ஓட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்குமாம். பிணைக்கப் பிணைக்க ஓடு இறுகும், நிறமும் ஏறும். சில மணி நேரத்தில் வெள்ளை போய்ச் செம்பழுப்பு. அவள் செய்கிற வேலை, கூட்டுப்புழுவுக்கு ஊசி போட்டு அந்த ஒரு நொதியை மட்டும் உண்டாகாமல் தடுப்பது. "முழுசா தடுத்தா வண்டு வெள்ளையாவே நின்னுரும்க்கா. தன் காலில நிக்கக்கூட முடியாது. செத்துரும். எவ்ளோ குறைஞ்ச அளவு நொதி இருந்தா அது பிழைக்கும், அதான் என் கேள்வி. அதுக்கு யாரும் இன்னும் சரியா பதில் சொல்லல."

கனகாம்பிகை அக்கா துருவலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. "அப்ப உம்மட லாப்பில வெள்ளைப் பூச்சியள் இருக்கோ?" என்று கேட்டா. ஓவியா, "ஆமா ஆன்ட்டி, டப்பா டப்பாவா இருக்கு" என்றாள். பெருமையாகச் சொன்னாள். படித்ததை யாராவது கேட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது.

அடுத்த மாதம் தர்மிகாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ஈஸ்ட்ஹாமிலிருந்து வந்தார்கள். ஞாயிறு காலை. வீடு பளபளவென்று இருந்தது. நானும் வடை சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்படியான ஆட்களுக்கென்று அக்கா ஒரு கோப்பை செட் வைத்திருந்தா, பொன்வரி போட்டது, மாடிப்படிக்குக் கீழே மட்டைப்பெட்டிக்குள் இருக்கும். குலசேகரம் அண்ணை தன் கடைக்குச் சாமான் வந்த வெறும் பெட்டிகளையெல்லாம் உதவும் உதவும் என்று அங்கேதான் அடைவார். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து சம்பந்தியாகப் போகிற மாப்பிள்ளையின் தகப்பன் முன்னாலேயே திறந்து முதல் கோப்பையை எடுத்தா. கோப்பைக்குள்ளிருந்து மேசை விரிப்பில் பொத்தென்று விழுந்தது ஒரு கரப்பான். வெள்ளை வெளேரென்று.

மாப்பிள்ளையின் தாய் காலைத் தூக்கிக்கொண்டா. எங்கள் ஆட்களுக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா? பெண் பார்க்க வந்த வீட்டில் கரப்பான் என்று ஈஸ்ட்ஹாம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்களே. அக்காவின் முகம் ஒரு நிமிடம் வெளிறியது. அடுத்த நிமிடம் அவவின் வாயிலிருந்து வந்தது இது:

"இது எங்கட வீட்டுப் பூச்சி இல்லை. மேல வாடகைக்கு இருக்கிற இந்தியாப் பிள்ளை லாப்பில வளர்க்கிறது. வெள்ளையா இருக்குது பாருங்கோ. அவள்தான் எனக்கே சொன்னவள்."

சம்பந்தி முகத்தில் தெளிச்சம் வந்தது. "அப்ப நீங்கள் சும்மா இருக்கக்கூடாது. லாப்பில மாத்தின பூச்சியெண்டால் ஆபத்தெல்லோ. யூனிவர்சிட்டிக்குக் கட்டாயம் அறிவிக்க வேணும்" என்றார். குலசேகரம் அண்ணை, "ஓம் ஓம், இண்டைக்கே அறிவிக்கிறன்" என்றார். நான் வடைச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, "அக்கா, வெறும் பூச்சி, பெட்டிக்குள்ள இருந்துதானே விழுந்தது" என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா பார்த்த பார்வையில் எண்ணெய் இன்னும் கொதித்தது.

அந்தப் பொய் அங்கேயே செத்திருக்கலாம். ஆனால் சம்பந்தி போகும்போதும் ஒருக்கால் கேட்டார், மாலையில் தொலைபேசி எடுத்தும் கேட்டார், "அறிவிச்சாச்சோ?" என்று. மானத்துக்காகச் சொன்ன பொய்யை நிசமாக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. சம்பந்தி வாசலைத் தாண்டின கையோடேயே அக்கா கரப்பானைப் படம் எடுத்திருந்தா. பிறகு சாட்சி வேண்டுமென்று அதை வெறும் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுப் பிரீசருக்குள் வைத்திருந்தா. முருங்கைக்காய், வாழைப்பூ, திருக்கை மீன், அதற்குப் பக்கத்தில் கரப்பான். மாலைத் தொலைபேசிக்குப் பிறகு அண்ணை இமெயில் அனுப்பினார். அன்று காலை ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போயிருந்த ஓவியா, நெற்றியில் திருநீறோடு வந்து, மிச்ச வடையைச் சாப்பிட்டுவிட்டு மேலே போனாள். அவளிடம் அண்ணையும் அக்காவும் ஒரு சொல் சொல்லவில்லை. நான்தான் மேலே போய்ச் சொன்னேன்.

"வெள்ளைக் கரப்பானா? தோல் உரிச்சது அன்னைக்குக் காலைலயா இருக்கும்க்கா. இதுக்கெல்லாமா கம்ப்ளெயின்ட் குடுப்பாங்க?" என்று சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளுடைய கார்டு கல்லூரிக் கதவைத் திறக்கவில்லை. அங்கே அவளுடைய ஆராய்ச்சி அறையில் இருந்தது ரவை வண்டு மட்டும்தான், ஆனால் அடுத்த அறைக்காரர் கரப்பான் வளர்க்கிறார்கள். படம் மங்கல், பூச்சி வெள்ளை, முறைப்பாட்டில் அவள் பெயர். மாற்றம் செய்த பூச்சி வெளியே போனதாகச் சொல்லப்பட்டால் விசாரணை முடியும்வரை அந்த அறையைப் பூட்ட வேண்டும், ஒருவரும் தொடக்கூடாது என்பது அங்கே விதியாம். அவளுடைய பேராசிரியர் வருத்தப்பட்டார், ஆனால் விதிக்கு மேலே அவரும் போகமாட்டார்.

ஓவியா அன்று என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். சிரிப்பைக் காணோம். "அக்கா, உள்ள என் கடைசி பேட்ச் இருக்கு. வெவ்வேற அளவுல ஊசி போட்ட கூட்டுப்புழு. வெள்ளிக்கிழமை வெளிய வந்துரும். வந்த நிமிஷத்துல இருந்து மணிக்கு மணி நிறம் எவ்ளோ ஏறுதுன்னு அளக்கணும். ஒரு நாள்தான் அந்த வேலை. அதுக்கப்புறம் இறுகினது இறுகிரும், செத்தது செத்துரும், எது எப்படி ஆச்சுன்னு கடவுளுக்கும் தெரியாது" என்றாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வருடம் ஊசி போடப் பழகியிருக்கிறாள். உதவித்தொகை அந்தக் கோடையோடு முடிகிறது. இன்னொரு தரம் முதலிலிருந்து தொடங்க அவளுக்கு நாள் இல்லை.

நான் கீழே போய்க் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சுவது வராது, ஆனாலும் கெஞ்சினேன். "அண்ணை, பிழையா விளங்கிப்போட்டம் எண்டு ஒரு இமெயில் அனுப்புங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முதல் அனுப்பினால் அந்தப் பிள்ளை தப்பும்." அண்ணை தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கலியாணம் சரிவரட்டும் இம்மா, பிறகு பாப்பம்" என்றார். ஓவியாவும் போய்க் கேட்டாள். அந்தக் கரப்பானை எடுத்துக் காட்டுங்கள், நானே விளக்குகிறேன் என்றாள். "அது சாட்சி. நீர் தொடக்கூடாது" என்று அக்கா பிரீசருக்கு முன்னால் போய் நின்றா. அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அன்று முழுக்க ஓவியா கல்லூரி வாசலில் இருந்த நீட்டு மரவாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் போனாள்.

அடுத்த புதன்கிழமை கல்லூரியிலிருந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி வீட்டுக்கு வந்தார். மெலிந்த வெள்ளைக்காரர், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். ஓவியாவையும் இருக்கச் சொன்னார், நானும் வேலைக்குப் போகாமல் நின்றேன். அக்கா உடனே பிரீசரைத் திறந்து டப்பாவை எடுத்து மேசை நடுவில் வைத்தா. அதிகாரி எட்டிப் பார்த்தார். வெள்ளைதான், உறைபனி பூத்திருந்தது. இனி விசாரிக்க வேண்டியதுதானே? ஆனால் வீட்டுக்கு வந்த மனிதருக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்காமல் எங்கள் ஆட்கள் கதை தொடங்குவார்களா? அவர் வேண்டாம் வேண்டாம் என்கிறார், அக்கா விடவில்லை. றோல்ஸ் வந்தது, கட்லட் வந்தது, கேக் வந்தது. இடையில் குலசேகரம் அண்ணை தான் இந்த நாட்டுக்கு வந்த கதை, கடை தொடங்கிய கதை, தர்மிகா படித்த கதை எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னார். வெள்ளைக்காரர் என்பதால் பொன்வரிக் கோப்பையில்தான் தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்று அக்கா மறுபடியும் அந்த மட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தா.

பெட்டியைத் திறந்ததும் இரண்டு கரப்பான்கள் ஓடின. இரண்டும் நல்ல பழுப்பு.

அதிகாரி கையிலிருந்த கேக் தட்டைக் கீழே வைத்தார். டப்பாவைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "நீங்கள் வெள்ளை என்றுதானே எழுதியிருந்தீர்கள்?" என்று கேட்டார்.

பனி உருகின தண்ணீரில் கரப்பான் கிடந்தது. கால்களும் முதுகும் அழுக்குப் பழுப்பாகிவிட்டன. நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கவே அது இன்னும் கறுப்பதுபோல இருந்தது. அக்கா நெஞ்சில் கை வைத்தா. "கடவுளே, வெள்ளையாத்தான் இருந்தது! ஆரோ மாத்திப்போட்டினம்!" என்று என்னைப் பார்த்தா. என்னை! நான் எழும்பினேன். ஓவியா என் கையைப் பிடித்து உட்கார்த்தினாள்.

"ஆன்ட்டி, பிரீசர்ல வெச்ச வாழைப்பூவை வெளிய எடுத்து வெச்சா என்ன ஆகும்?"

அண்ணைதான், "கறுக்கும்" என்றார்.

"குளிர்ல நொதி வேலை செய்யாம கிடக்கும் அங்கிள். வெளிய வந்து சூடு ஏறினதும், காத்துப் பட்டதும் வேலையைத் தொடங்கிரும். வாழைப்பூவில இருக்கிறதும் கிட்டத்தட்ட இந்த வேலை செய்யிற நொதிதான். இந்தக் கரப்பான் அன்னைக்குக் காலைல தோல் உரிச்சிருக்கு. நீங்க உறைய வெச்சதால வெள்ளையா நின்னுச்சு. எங்க லேப்ல நொதியைத் தடுத்த பூச்சியா இருந்தா இப்படி நிறம் ஏறியிருக்காது." அதையே அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் தடுமாறவில்லை.

அதிகாரி மாடிப்படிக்குக் கீழே போய் டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டிகளின் மடிப்புகளுக்குள் பெரியது, சிறியது, முட்டைக் கூடு, உரித்துப்போட்ட தோல் என்று ஒரு குடும்பமே இருந்தது. அப்போதுதான் தோல் உரித்த வெள்ளை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் படம் எடுத்தார், ஓவியாவிடம் மன்னிப்புக் கேட்டார், அறையை இன்றே திறப்பார்கள் என்றார். கதை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் அவளோடு நானும் பிக்கடிலி ரயிலில் போனேன். எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை, அந்த வாங்கிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வெளியே வந்தாள். "எல்லாம் முடிஞ்சுருக்குக்கா. பாதி கெட்டியா ஓடிட்டு இருக்கு. பாதி வெள்ளையா செத்துக் காஞ்சு கிடக்கு. நடுவுல இருந்த வண்டுங்கதான் எனக்கு வேணும். அதுல எது எப்ப நிறம் ஏறிச்சு, எது எழுந்து நின்னுட்டு அப்புறம் விழுந்துச்சு, ஒண்ணும் தெரியாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்த மாதம் முடிவதற்குள் பேராசிரியரும் அவளும் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பகுதியை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டு மிச்சத்தைச் சமர்ப்பிப்பது என்று முடிவாயிற்று. பட்டம் கிடைக்கும். அவள் கேட்க வந்த கேள்வியை வேறு யாராவது கேட்பார்கள்.

வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் நடக்கவில்லை. சம்பந்திக்கு, "விசாரணை முடிஞ்சுது, இனிப் பயம் இல்லை" என்று சொன்னார்கள். கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நான் பொறுக்க முடியாமல், "அண்ணை, அந்தப் பிள்ளையிட்ட ஒரு சொல் மன்னிப்புக் கேக்கேல்லையே?" என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "விசாரிச்சதில என்ன பிழை இம்மா? விசாரிச்சுப் பிழை இல்லையெண்டு விட்டிட்டாங்கள்தானே" என்றார்.

குலசேகரம் அண்ணைக்கு ஒரு தமையன் இருந்தார். ஊரில் ஆமி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, சாக்கால் முகத்தை மூடின, ஆளைக் காட்டிக்கொடுக்கிற ஒரு தலையாட்டியைக் கொண்டுவந்து காட்டியபோது, அவன் அவருக்கு நேரே தலையை ஆட்டிவிட்டான். அதோடு ஆமி கொண்டுபோனவர்தான், திரும்பி வரவில்லை. இந்தக் கதையைச் சொல்லி அண்ணை அழாத கொண்டாட்டம் கிடையாது. அதைக் கேட்டு நானும் எத்தனையோ தரம் அழுதிருக்கிறேன்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "உங்கட கொண்ணரையும் விசாரிச்சிட்டு விடுறம் எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவங்கள்" என்றேன். "தலையாட்டினவனுக்கும் ஏதோ ஒரு மானப் பிரச்சினை இருந்திருக்கும்."

அண்ணையின் கை சோற்றுக்குள் நின்றுவிட்டது. அக்கா என்னை வாயில் வந்தபடி ஏசினா. அப்படிச் சொன்னது கொடுமை என்று தெரியும். சொன்னதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

ஓவியா மாத முடிவில் வீடு மாறினாள். அவளுடைய பெட்டிகளை நான் வாசல்வரை இறக்கிக் கொடுத்தேன். குலசேகரம் அண்ணை அறைக்குள் இருந்துவிட்டார். கனகாம்பிகை அக்கா மட்டும் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிய பார்சலோடு வாசலுக்கு வந்தா. புது இடத்தில் உடனே சமைக்க ஏலாது, கொண்டுபோய்ச் சாப்பிடும் என்றா. பிறகு ஓவியாவின் தோளைத் தடவி, எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டா.

"பிள்ளை, எங்களில கோவம் ஒண்டும் இல்லைத்தானே?"

இதற்கு எங்களில் ஒருவரும் உள்ளதைச் சொல்லமாட்டோம். ஐயோ இல்லை, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டு, வீதிக்கு வந்தபிறகுதான் பல்லைக் கடிப்போம். அக்காவும் அந்த "இல்லை"யை வாங்கிக்கொண்டு உள்ளே போகத்தான் நின்றா. ஓவியா பார்சலை வாங்கவில்லை. தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"இருக்கு ஆன்ட்டி" என்றாள். "நிறைய இருக்கு."

பெட்டிகளை இழுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள். அக்கா புட்டுப் பார்சலைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றா. உள்ளே வாருங்கள் என்று அவவை நான் கூப்பிடவில்லை.